காந்தப்புலத்தில் ஓடும் திரவ உலோகத்தின் அழுத்த இழப்பு ஏன் கணக்கை மிஞ்சுகிறது?

குழாய்க்குக் குறுக்கே காந்தப்புலம் கொடுத்ததும் அழுத்த இழப்பு கணக்கில் வந்ததைவிடப் பல மடங்கு ஏறுகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஆய்வு மாணவராகத்தான் இருப்பீர்கள், 'உன் அளவீடு தப்பு' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுக் கூசிப்போன அனுபவம் எனக்கும் உண்டு.

என் முதுகலைத் திட்டத்தில் 2 செ.மீ. சதுரக் குழாயில் காலின்ஸ்டன் ஓடவிட்டோம். காலியம், இண்டியம், வெள்ளீயம் சேர்ந்த கலவை அது, அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும். காந்தம் 1 டெஸ்லா, ஹார்ட்மன் எண் (காந்தவிசை பாகுத்தன்மையைவிட எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று காட்டும் எண்) கிட்டத்தட்ட 400. கணக்கில் வந்ததைப்போல் பத்து மடங்குக்கும் மேல் காட்டியது அழுத்தமானி. இரண்டு வாரம் அந்த மானியைத்தான் சந்தேகப்பட்டேன்.

தப்பு மானியில் இல்லை, சுவரில். உலோகம் புலத்தை வெட்டிக்கொண்டு ஓடும்போது உள்ளே மின்னோட்டம் பிறக்கிறது. அதன்மேல் அதே புலம் செலுத்தும் விசை ஓட்டத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. ஆனால் மின்னோட்டம் சுற்றி வந்து சேர வழி வேண்டும். சுவர் மின்சாரம் கடத்தாத அக்ரிலிக் என்றால், சுவரை ஒட்டிய 0.025 மி.மீ. அடுக்குதான் வழி. அவ்வளவு ஒடுங்கிய பாதையில் மின்தடை அதிகம், மின்னோட்டம் அடங்கிவிடும். எங்கள் குழாய் 1 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு. அது மின்சாரம் கடத்தும், அதனால் மின்னோட்டத்துக்கு அகலமான வழி. நான் போட்டதோ மின்கடத்தாச் சுவருக்கான கணக்கு.

நான் பயன்படுத்திய ஹார்ட்மன் சூத்திரம் இரு இணைத் தட்டுகளுக்கு இடையிலான ஓட்டத்துக்கானது, சதுரக் குழாய்க்கு அப்படியே பொருந்தாது என்று யாராவது வருவார்கள். தெரியும். மின்கடத்தாச் சுவரில், எங்கள் ஹார்ட்மன் எண்ணுக்கு, அந்தத் திருத்தம் சில சதவீதம்தான். பத்து மடங்கை அது விளக்காது. சுவரில் ஆக்சைடு படிந்தால் இழப்பு குறையலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று, புலம் ஓட்டத்தின் 'வேகத்தைக் குறைக்கும்' என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பம்ப் அதே அளவைத் தள்ளினால் சராசரி வேகம் மாறாது. குழாயின் நடுப்பகுதியில் வேகம் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவாகும், கொந்தளிப்பு அடங்கும்.

பிறகு அக்ரிலிக் குழாய் செய்து மறுபடி அளந்தேன், கணக்கோடு ஒத்துப்போனது. அந்தக் குழாயைக் கசியாமல் ஒட்ட எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இந்த அளவீடுகளை வைத்து ஆய்வுக் கட்டுரை வந்தபோது என் பெயர் நன்றியுரையில் இருந்தது. சிமுலேஷன் ஓட்டியவருக்கு ஆசிரியர் பட்டியலில் இடம். அளந்து தந்தவனுக்கு ஏன் இல்லை என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

சரி, உங்கள் குழாய் என்ன உலோகம், எத்தனை மி.மீ. தடிமன்? சொல்லுங்கள், சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.