நாக்கிங்கும் ஆக்டேனும்: இந்த வாரக் கேள்விகள்

கோவையில் டர்போ பெட்ரோல் கார்களுக்கு மேப் (பொறி எப்போது, பெட்ரோல் எவ்வளவு என்று இன்ஜின் கணினிக்குச் சொல்லும் அட்டவணை) எழுதுவதும், உடைந்த இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பதும்தான் என் வேலை. நாக்கிங் பற்றி வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, நாக்கிங் என்றால் பெட்ரோல் சீக்கிரமாக எரிந்துவிடுவதா?

பாதி சரி. பிளக்கில் பொறி வந்ததும் தீ அங்கிருந்து சிலிண்டர் ஓரம் வரை வரிசையாகப் பரவ வேண்டும். பரவும்போதே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது. தீ வந்து சேரும் முன்பே அது தானாக, ஒட்டுமொத்தமாகப் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டரை மணி மாதிரி அதிர வைக்கும். வழக்கமான அளவுள்ள சிலிண்டரில் நொடிக்கு ஆறேழாயிரம் அதிர்வு. வெளியே கேட்பது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கும் சத்தம். பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய நாக் சென்சார் அந்த அதிர்வைத்தான் கேட்கிறது. கேட்டதும் ஈசியூ, அதாவது இன்ஜின் கணினி, பொறி வரும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும்.

இப்படித் தானாகப் பற்றாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவுதான் ஆக்டேன். ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டையும் 95-க்கு 5 என்று கலந்தால் எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெட்ரோல் 95 ஆக்டேன்.

டர்போ இல்லாத சின்ன ஹேட்ச்பேக். 100 ஆக்டேன் போட்டால் பிக்கப் கூடுமா?

கூடாது. உங்கள் இன்ஜின் சாதாரண பெட்ரோலிலேயே நாக் ஆகாமல் ஓடும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் கொடுக்கும் ஆக்டேனை வைத்து அது செய்ய ஒன்றுமில்லை. எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோல் அழுத்தம் அதிகமுள்ள இன்ஜினுக்கும், அந்தப் பெட்ரோலுக்கென்றே மேப் எழுதிய காருக்கும்தான். அந்தக் காசில் நல்ல ஏர் ஃபில்டர் வாங்குங்கள்.

அமெரிக்க வீடியோக்களில் 91-ஐ பிரீமியம் என்கிறார்கள். நம்மூரில் 91 சாதாரணமாக இருந்ததே?

அளவுகோல் வேறு. நாம் சொல்வது ரான் (ரிசர்ச் ஆக்டேன் எண்). அங்கே பம்பில் போடுவது ரான், மான் (மோட்டார் ஆக்டேன் எண்) என்ற இரண்டு சோதனைகளின் சராசரி. மான் சோதனை கடுமையானது என்பதால் சராசரி இறங்கிவிடும். அவர்களின் 91 நம் கணக்கில் சுமார் 95, 96 வரும். அமெரிக்காவில் எழுதிய மேப்பை வாங்கி இங்கே ஏற்றும் தம்பிகள் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு நாக்கிங் கூடுமா, குறையுமா?

நாக்கிங்கை மட்டும் பார்த்தால் எத்தனால் நல்ல சரக்கு. அதன் ரான் 108-ஐ ஒட்டி இருக்கும். அதைவிட முக்கியம், ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சூட்டை உறிஞ்சுகிறது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் டர்போ இன்ஜினில் இந்தக் குளிர்ச்சி உள்ளேயே கிடைக்கிறது. ஆனால் லிட்டருக்கு எரிசக்தி குறைவு. இ20-க்குக் கணக்குப் போட்டால் எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் குறையும், மைலேஜ் அங்கேதான் அடிபடுகிறது. பழைய கார்களில் ரப்பர் குழாய், சீல் எல்லாம் எத்தனாலைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. மேனுவலைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் பலர் கவனிப்பதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்று, டேங்கில் தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனால் அந்தத் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கிவிடும். நின்ற வண்டியை எடுத்து முதல் நாளே முழு பூஸ்ட்டில் (டர்போ தரும் முழு காற்றழுத்தத்தில்) மிதிக்காதீர்கள்.

ஸ்டேஜ் 1 (பாகம் மாற்றாமல் மேப் மட்டும் மாற்றுவது) செய்த 1.5 டர்போ. லாக்கில் (ஓட்டும்போது ஈசியூவிலிருந்து எடுத்த பதிவில்) மூன்றாவது சிலிண்டர் மட்டும் 4 டிகிரி டைமிங் (பொறி வரும் நேரம்) குறைக்கிறது. பெட்ரோல் மோசமா?

பெட்ரோல் மோசம் என்றால் நாலு சிலிண்டரும் குறைக்கும். சூடு என்றாலும் பெரும்பாலும் அப்படித்தான். ஒன்று மட்டும் குறைத்தால் அந்தச் சிலிண்டரில் என்ன வேறு என்று தேட வேண்டும்: பிளக், இன்ஜெக்டர், பிஸ்டன் தலையில் கரி. அதற்கு முன்பு, சென்சார் கேட்டது நிஜமாகவே நாக்கா? தளர்ந்த ஹீட் ஷீல்டு தட்டினால்கூட அது நாக் என்றுதான் சொல்லும். நான் ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கி பிளாக்கில் போல்ட் போட்டு, மறுமுனையில் ரப்பர் டியூப் மாட்டி, காதை மூடும் மஃப் வழியாகக் கேட்பேன். பழைய வித்தைதான், ஆனால் நிஜ நாக்கின் அந்த 'கிர்ரிக்' சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்கவே மாட்டார்.

அப்புறம் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளி இருந்தால் நாக் நடந்திருக்கிறது. பளபளக்கும் வெள்ளிப் புள்ளி இருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். காரை அப்படியே நிறுத்துங்கள்.

இ20-க்கு முன்பு ஒரு தம்பி காரைக் கொண்டுவந்தார். 95-க்கு எழுதிய மேப். இரவு நெடுஞ்சாலையில் பிரீமியம் கிடைக்காமல் 91 போட்டுக்கொண்டு, மேப்பை மாற்றாமல் அதே வேகத்தில் வந்திருக்கிறார். ஈசியூ குறைக்க முடிந்த அளவு குறைத்திருக்கிறது, போதவில்லை. பிரித்தபோது மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு பிறை வடிவில் உடைந்து என் உள்ளங்கையில் விழுந்தது. நகம் அளவு துண்டு. அதற்காக முழு இன்ஜினையும் இறக்க வேண்டியிருந்தது. எனக்கே மனசு ஆறவில்லை.

உங்களுக்கு: பிளக்கை ஒரு படி குளிர்ந்த (சூட்டைச் சீக்கிரம் கடத்தும்) ரகத்துக்கு மாற்றுங்கள், இடைவெளியைச் சரி பாருங்கள். அதற்கு முன், இப்போது இருக்கும் மூன்றாவது பிளக்கை இரண்டாவதோடு மாற்றிப் போட்டு மறுபடி லாக் எடுங்கள். குறைப்பு பிளக்கோடு நகர்ந்தால் விடை கிடைத்துவிட்டது. லாக்கை மே மாத மதியத்தில் அடுத்தடுத்து மூன்று தடவை இழுத்து எடுக்காதீர்கள். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூட்டில் ஊறிவிடும், அந்த லாக்கை நம்ப முடியாது.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்?

'3 பாயிண்ட் கூடும்' என்று போட்டிருந்தால் பல பாட்டில்களில் அது 0.3 ஆக்டேன். மாங்கனீசு கலந்தவை பிளக்கில் செம்மண் நிறத்தில் படியும். அவசரத்துக்கு ஒருமுறை சரி, பழக்கமாக வேண்டாம்.

சார், ஆறாவது கியரில் 1,400 ஆர்பிஎம்மில் முழுதாக மிதித்தால் ஒரே ஒரு 'டக்' சத்தம் வருகிறது. லாக்கில் ஒன்றும் இல்லை.

எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி இதுதான். இது சாதாரண நாக்கிங் இல்லை. ரிங் பக்கத்தில் தேங்கிய எண்ணெய்த் துளியோ கரித்துகளோ பொறி வரும் முன்பே தீயைக் கொளுத்திவிடுகிறது. டைமிங் குறைத்துத் தடுக்க முடியாது, பொறியே இன்னும் வரவில்லையே. ஆக்டேன் ஏற்றினாலும் தீர்ந்துவிடும் என்று நம்ப முடியாது. நேரடிப் பீய்ச்சல் டர்போக்களில் குறைந்த ஆர்பிஎம், அதிக சுமை இரண்டும் சேரும்போது வரும். ஒரே அடியில் பிஸ்டன் போகலாம். எண்ணெயில் கால்சியம் சேர்மானம் அதிகமானால் கூடுதலாக வருகிறது என்று தெரிந்துதான் 2018-இல் எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) எண்ணெய்த் தரத்தை மாற்றினார்கள். நாளைக்கே எண்ணெய் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மேனுவல் சொல்லும் தரத்தோடு எஸ்பி என்றோ அதற்குப் பின் வந்த எஸ்கியூ என்றோ இருக்க வேண்டும். மாற்றும் வரை, மிதிப்பதற்கு முன் இரண்டு கியர் இறக்குங்கள்.