பேதியை நிறுத்த மாத்திரை கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மனைவிக்கு வயது 71. மூன்று வருடமாக மறதி நோய் (டிமென்ஷியா). தினமும் டோனெபெசில் 10 மில்லிகிராம். சிறுநீரை அடக்க முடியவில்லை என்று இரண்டு மாதமாக ஆக்ஸிபியூட்டினின். பனிக்காலம் என்பதால் இரவில் சளி மாத்திரையும் கொடுக்கிறேன். எட்டு நாளாகச் சரியாக வெளிக்குப் போகவில்லை. நான்கு நாளாகத் தண்ணீராக உடுப்பிலேயே போய்விடுகிறது. கடையில் லோபரமைடு வாங்கிக் கொடுத்தும் நிற்கவில்லை. கையை விட்டு எடுத்துச் சுவரில் தடவுகிறார். ஏப்பம், வயிற்றில் இரைச்சல், வெள்ளை நாக்கு. ஒருநாள் சிவப்பாகவும் போனது. இணையத்தில் தேடினால் குடல் புற்றுநோய் என்கிறது. சொந்தக்காரர்கள் கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். நடக்கிறார், பேசுகிறார், சாப்பாடு மட்டும் குறைந்திருக்கிறது. இனி நாள் முழுக்க டயாப்பர்தானா?
(வாசகர், பூம்பாறை, கொடைக்கானல் மேல்மலை)

பதில்:

ஐயா, முதலில் அந்த லோபரமைடை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

எட்டு நாள் போகாத வயிறு திடீரென்று தண்ணீராகப் போனால் அதைப் பேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மலக்குடலில் மலம் இறுகிக் கட்டியாக அடைத்து நிற்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மேலே இருக்கிற இளகிய மலம் அந்தக் கட்டியின் ஓரமாகக் கசிந்து இறங்கும். நாள்கணக்கில் விரிந்தே இருந்த மலக்குடலுக்கு உணர்வு மங்கிவிடும். அதனால் போவதே அவருக்குத் தெரியாது. நிஜமான பேதி மொத்தமாகக் கொட்டும். இது ஒரு கரண்டி, அரைக் கரண்டி என்று நாள் முழுக்கத் துணியை நனைக்கும், நாற்றமும் கடுமையாக இருக்கும். குடலின் அசைவைக் குறைப்பதுதான் லோபரமைடின் வேலை. அடைத்துக் கிடக்கிற இடத்தில் அதைக் கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். கடைக்காரரிடம் "லூஸ் மோஷன்" என்று சொன்னால் அவர் அதைத்தான் எடுத்துத் தருவார். எட்டு நாள் போகவில்லை என்பதை அவரிடம் சொன்னீர்களா?

சுவரில் தடவுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஆசனவாயில் ஏதோ முட்டி நிற்கிறது, வலிக்கிறது. அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை, விரலை விட்டு எடுக்கப் பார்க்கிறார். கையில் ஒட்டியது என்னவென்று புரியாமல் பக்கத்தில் இருப்பதில் துடைக்கிறார். திட்டாதீர்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அடைப்பு எடுபட்டதும் பெரும்பாலும் இந்தப் பழக்கமும் நின்றுவிடும்.

நீங்கள் கேட்க நினைத்தது கடைசிக் கட்டமா என்பதைத்தான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இல்லை. மறதி நோய் முற்றி மலம் சிறுநீர் கட்டுப்பாடு போவது மாதக்கணக்கில், பேச்சும் நடையும் குறைந்துகொண்டே வரும்போது நடப்பது. நடந்து, பேசிக்கொண்டிருப்பவருக்கு நான்கே நாளில் வந்ததை அந்த நோயின் கணக்கில் எழுதாதீர்கள். மறதி நோயாளிக்குத் திடீரென்று எது மாறினாலும் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

நாளைக் காலையே கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மலைப்பாதை வளைவுக்குப் பயந்து வாந்தி மாத்திரை கொடுக்க வேண்டாம்; அதில் பெரும்பாலும் இருக்கும் புரோமெதசின் குடலையும் மூளையையும் சேர்த்தே மந்தமாக்கும். டாக்டரிடம் "பேதி" என்று ஆரம்பிக்காதீர்கள். "எட்டு நாள் போகவில்லை, இப்போது கசிகிறது" என்று ஆரம்பியுங்கள். அவர் கையுறை போட்டு ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பார், ஒரு நிமிட வேலை. பார்க்காமலே பேதிக்கு மருந்து எழுதினால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாவிட்டாலும் கட்டி இன்னும் மேலே இருக்கலாம், அதற்கு ஓர் எக்ஸ்ரே போதும்.

நாளை வரை காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. இறுகிய மலம் சிறுநீர்ப் பாதையையும் அழுத்தும். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக மட்டும் போகிறது. தொப்புளுக்குக் கீழே புடைத்திருக்கிறது, தொட்டால் முகம் சுளிக்கிறார். நேற்று வரை உங்களை அடையாளம் தெரிந்தவர் இன்று மயங்கி மயங்கித் தூங்குகிறார், அல்லது தாறுமாறாகக் கத்துகிறார். இதில் எது இருந்தாலும், வாந்தியோடு வயிறு உப்பினாலும், ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அதுவரை வீட்டில் கை வைத்தியம் வேண்டாம். விளக்கெண்ணெய் அடைப்புக்கு மேலே குடலை முறுக்கி வலியை உண்டாக்கும். இசப்கோல் நிறையத் தண்ணீர் கேட்கும். தண்ணீர் குடிக்காதவருக்குக் கொடுத்தால் அதுவே இன்னொரு அடைப்பு, விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தொண்டையிலேயே சிக்கும். கடையில் விற்கும் பாஸ்பேட் எனிமாவை இந்த வயதில், சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று தெரியாமல் நீங்களாகப் போடக் கூடாது. உங்கள் விரலும் வேண்டாம். கிழிந்து ரத்தம் வரும்.

அடைப்பு ஏன் வந்தது? உங்கள் மாத்திரைப் பட்டியலே சொல்கிறது. டோனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருளைக் கூட்டுகிறது. ஆக்ஸிபியூட்டினின் அதே பொருளின் வேலையைத் தடுக்கிறது. ஒரு மாட்டை முன்னால் பூட்டி இன்னொன்றைப் பின்னால் பூட்டிய வண்டி இது. ஆக்ஸிபியூட்டினின் குடலை மந்தமாக்கும், குழப்பத்தையும் கூட்டும். சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமினும் அதே வகை. அதை நீங்களே நிறுத்திவிடலாம். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. ஆக்ஸிபியூட்டினின் வேண்டுமா என்று எழுதிய டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். அவசரமாகச் சிறுநீர் வருவது டோனெபெசிலாலும் வரலாம் என்பதை அவருக்கு நினைவுபடுத்துங்கள். டோனெபெசிலை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், இரும்புச் சத்து, கால்சியம் உட்பட. அவையும் மலத்தை இறுக்கும்.

ஏப்பத்துக்கும் வெள்ளை நாக்குக்கும் நேரத்தைச் செலவிடாதீர்கள். பூம்பாறைக்காரரிடம் பூண்டைக் குறை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, அதுவும் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. ஆனாலும் வாயு போகப் பூண்டுப் பால் கொடுக்கிறீர்கள் என்றால், இரைச்சல் அதனாலும் வரும். சிவப்பாகப் போனதற்கு முந்தின நாள் பீட்ரூட் பொரியலா என்று யோசித்துப் பாருங்கள். பீட்ரூட் சாப்பிடாமலே சிவந்தாலோ, தார் மாதிரி கருப்பாக ஒட்டிக்கொண்டு போனாலோ காட்ட வேண்டும். புற்றுநோயை இணையத்தில் தேடுவதை விடுங்கள். அடைப்பு நீங்கி மூன்று வாரம் கழித்தும் எடை குறைந்துகொண்டே போனால் அப்போது பரிசோதிக்கலாம்.

அடைப்பு எடுத்த பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது. விட்டால் இரண்டே வாரத்தில் திரும்ப வரும். டாக்டர் லாக்டுலோஸ் எழுதினால் வழக்கமாக இரவில் 15 மில்லி. பாலிஎத்திலீன் கிளைகால் பொடி என்றால் 17 கிராமை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் காலையில். போக ஆரம்பித்ததும் "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் போனால் ஒரு கோடு, கட்டியாகவா இளகியா என்று ஓர் எழுத்து. கோடு இல்லாமல் மூன்றாவது நாள் விடிந்தால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள், எட்டாவது நாள் வரை விடாதீர்கள்.

மேல்மலைக் குளிரில் யாருக்கும் தாகம் எடுக்காது, இவருக்குக் கேட்கவும் தெரியாது. 200 மில்லி டம்ளரில் ஆறு முதல் எட்டு வரை உள்ளே போக வேண்டும். வெந்நீர், ரசம், கஞ்சி, பால் எல்லாம் கணக்கில் சேரும். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவே அளவு. மலைவாழைப் பழம் தாராளமாகக் கொடுங்கள். தண்ணீர் இல்லாமல் பழம் மட்டும் உதவாது.

குடல் தானாக அசையும் நேரம் காலை உணவு முடிந்து 20, 30 நிமிடம். சூடாகக் காபி கொடுத்து அந்த நேரத்தில் கூட்டிப் போங்கள். "வருதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார். கேட்காதீர்கள், "வா, போயிட்டு வரலாம்" என்று கையைப் பிடியுங்கள். வெஸ்டர்ன் கக்கூஸ் என்றால் காலுக்கடியில் ஓர் அடிக்குக் குறைவான முக்காலி. முட்டி இடுப்பைவிட உயர்ந்து, உடம்பு முன்னால் சாய வேண்டும். பத்து நிமிடம் போதும். வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோப்பை அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், சிவப்பிலோ நீலத்திலோ இருக்கை மாட்டுங்கள். கக்கூஸ் வீட்டுக்கு வெளியே இருந்தால் ராத்திரிப் பனியில் கூட்டிப் போக வேண்டாம். கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி வையுங்கள். புடவைக்குப் பதில் நைட்டி.

கழுவும்போது முன்னிருந்து பின்னாக மட்டும். மாற்றிக் கழுவினால் சிறுநீர்த் தொற்று வரும். வெதுவெதுப்பான தண்ணீர், தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, சிங்க் ஆக்ஸைடு களிம்பு மெல்லிசாக.

டயாப்பர் இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும். நாள் முழுக்கப் போட்டால் கக்கூஸுக்குப் போகும் பழக்கமே மறந்துபோகும். மலம் பட்டால் உடனே மாற்றுங்கள், வெறும் சிறுநீர் என்றால் அதிகபட்சம் ஆறு மணி நேரம். தூக்கி உட்கார வைக்க உங்கள் இடுப்பு தாங்காது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" பணியாளரைக் கேளுங்கள். 2021-லிருந்து நடக்கும் திட்டம், படுத்த படுக்கையானவர்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டாம்.