ஸ்டேஷன் பெயரில் இருக்கும் மஸ்ஜித்: கடிதம்

அன்புள்ள ஐயா,

மும்பையில் மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி சாமுவேல் தெருவில் நடந்தபோது யூத ஜெபக்கூடம் ஒன்றைப் பார்த்தேன். ஸ்டேஷன் பெயரே இதிலிருந்து வந்ததுதான் என்றார் நண்பர். யூதர் கோயிலுக்கு மஸ்ஜித் என்று பெயரா? இன்னும் வழிபாடு உண்டா, இல்லை வெறும் நினைவுச்சின்னமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொன்னதைத்தான் ஊரும் சொல்கிறது. மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் யூதர்களே அதை ஜூனி மஸ்ஜித், அதாவது பழைய மஸ்ஜித் என்பார்கள். இதில் நமக்கு என்ன வியப்பு? சமணப் பள்ளி, பள்ளிவாசல் என்று நாமும் ஒரே சொல்லைத்தானே புழங்குகிறோம். கொச்சியில் ஜூதப்பள்ளி என்றே சொல்கிறார்கள்.

நினைவுச்சின்னம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது ஒரு நேர்த்திக்கடன். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த சாமுவேல் எசக்கியேல் திவேகர், மைசூர்ப் போரில் திப்புவின் படையிடம் சிக்கினார். உயிரோடு திரும்பினால் ஆலயம் கட்டுவதாக வேண்டிக்கொண்டாராம். ‘இவர்கள் பனீ இஸ்ராயீல் (இஸ்ரேலின் மக்கள்), குர்ஆனில் வருகிறவர்கள்’ என்று திப்புவின் தாய் சொல்லிக் காப்பாற்றியதாக அவர்கள் வீடுகளில் ஒரு கதை உண்டு. வரலாறோ இல்லையோ, எனக்குப் பிடித்த கதை. 1796-ல் கட்டினார். 1860-ல் இப்போதைய இடத்துக்கு மாறியது. ஷஆர் ஹரஹமீம், கருணை வாசல் என்பது அதன் எபிரேயப் பெயர்.

வழிபாடு உண்டு. ஆனால் கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். 1948-க்குப் பிறகு பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்களும் நகரத்தின் வேறு பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஒன்பது பேர் உட்கார்ந்து பத்தாமவருக்காக வாசலைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், மலீதா. வேண்டுதல் பலித்தால் இவர்கள் எலியாஹு தீர்க்கதரிசியை நினைத்துப் படைப்பது. ஊறவைத்த அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், முந்திரி, சுற்றிலும் பழங்கள். கிருஷ்ண ஜெயந்திக்கு நம் வீட்டில் செய்யும் அவலேதான். உலகத்தில் வேறு எந்த யூதர் வீட்டிலும் இந்தத் தட்டைப் பார்க்க முடியாது.

அடுத்த முறை சொல்லிவிட்டுப் போங்கள், அடையாள அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை என்றால் அவர்களுக்கு ஓய்வுநாள், கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.