நெரிசல் கட்டுப்பாட்டை எவ்வாறு அளப்பது? திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

உப்புவெளியிலிருந்து: விண்டோஸ் மடிக்கணினியிலும் லினக்ஸ் மடிக்கணினியிலும் ஒரே கோப்பைப் பதிவிறக்கினேன், லினக்ஸ் முந்தியது. அதன் நெரிசல் கட்டுப்பாடே (வலையமைப்பில் நெரிசல் ஏற்படாதவாறு அனுப்பும் வேகத்தைச் சரிசெய்யும் முறை) சிறந்தது எனக் கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபியில் எத்தனை பொதிகளை (தரவுத் துண்டுகளை) எப்போது விடுவது என்பதை அனுப்பும் பக்கமே தீர்மானிப்பதால், இரண்டு முறையும் நீங்கள் சோதித்தது தொலைவிலுள்ள சேவையகத்தின் அல்கோரிதத்தையே. பதிவேற்றிப் பார்த்தாலும் பெயரளவில் வேறுபாடு கிடைக்காது: லினக்ஸ் 2006 முதலும், விண்டோஸ் 10 அதன் 2017 பிற்பகுதிப் பதிப்பு முதலும், ஃப்ரீபிஎஸ்டி என்ற பணிசெயல் முறைமை 2023இல் வந்த 14ஆம் பதிப்பு முதலும் கியூபிக் என்ற ஒரே அல்கோரிதத்தையே இயல்பாகப் பயன்படுத்துகின்றன. தொடக்க வேகத்தை எங்கே நிறுத்துவது, இடையகத்தை (தரவு தற்காலிகமாகக் காத்திருக்கும் நினைவிடத்தை) எவ்வளவு வளரவிடுவது என்பவற்றில்தான் அவை பிரிகின்றன. ஆகவே முதலில் ஒரே லினக்ஸ் கணினியில் ரீனோ, கியூபிக், பிபிஆர் ஆகிய மூன்று அல்கோரிதங்களையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பணிசெயல் முறைமைகளை ஒப்பிடுவது அதற்குப் பிறகே பொருந்தும்.

கிண்ணியாவிலிருந்து: பிபிஆர் எவ்வகையில் வேறானது?

பதில்: ரீனோவும் கியூபிக்கும் பொதி தொலைவதை நெரிசலின் அடையாளமாகக் கொள்கின்றன. 2016இல் கூகுள் வெளியிட்ட பிபிஆரோ, இணைப்பின் கொள்ளளவையும் மிகக் குறைந்த சுற்றுநேரத்தையும் (பொதி போய் அதற்கான பதில் திரும்பும் நேரத்தையும்) மதிப்பிட்டு அதற்கேற்ப அனுப்புகிறது. 2009இல் பாலம் திறக்கப்படுமுன் படகுப் பாதைக்குக் காத்திருந்த உங்களூர்ப் பெரியவர்களுக்கு இது உடனே விளங்கும்: கரையில் வாகனங்கள் கூடினால் காத்திருப்பு நீளுமேயன்றி, ஒரு தடவையில் ஏற்றப்படும் எண்ணிக்கை கூடாது.

நிலாவெளியிலிருந்து: ஆய்வுகூடத்தில் இதை எப்படி அமைப்பது?

பதில்: அனுப்புவது, பெறுவது, இரண்டுக்கும் நடுவில் ஒன்று என மூன்று கணினிகள் வேண்டும். நடுவிலுள்ளதில் மட்டும் வலையமைப்பைப் போலிசெய்யும் மென்பொருளான நெட்எம் அல்லது டம்மிநெட் கொண்டு தாமதத்தையும் வேகத்தையும் வரையறுங்கள். அனுப்பும் கணினியிலேயே நெட்எம்மை வைப்பது நான் அடிக்கடி காணும் பிழை. லினக்ஸ் தன் உள்வரிசையைத் தானே கவனித்து அனுப்புதலை மட்டுப்படுத்துவதால், முடிவு உண்மையான வலையமைப்பைக் காட்டாது. 100 மெகாபிட் வேகமும் 80 மில்லிசெக்கன் சுற்றுநேரமும் இருந்தால், வழியில் நிற்கக்கூடிய தரவு 1 மெகாபைட். நடுக்கணினியில் பொதிகள் காத்திருக்கும் வரிசையின் அளவை அந்த 1 மெகாபைட்டின் கால்பங்கு, சமபங்கு, நான்கு மடங்கு என மாற்றி, வேகம் அளக்கும் மென்பொருளான ஐபெர்ஃப்3 கொண்டு ஒவ்வொன்றையும் பல தடவை அளவுங்கள். வேகத்துடன் சுற்றுநேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாத அட்டவணையை நான் ஏற்பதில்லை.

மூதூரிலிருந்து: ஒவ்வோர் அல்கோரிதத்தையும் தனியே ஓட்டினால் போதுமா?

பதில்: போதாது. கியூபிக் ஓட்டமொன்றையும் பிபிஆர் ஓட்டமொன்றையும் ஒரே நேரத்தில் அதே நடுக்கணினியூடாக விடுங்கள். வரிசை சிறிதாயின் பிபிஆரின் முதற்பதிப்பு தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். வரிசை மிகப் பெரிதாயின் கியூபிக் அதை நிரப்பி முந்திவிடும்.