ஜெயவர்த்தனாவை எப்படிக் கணித்திருக்க வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாகாண சபைகள் பற்றிய உங்கள் கட்டுரையில், 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் போட்டபோது இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவைத் தில்லி சரியாக எடைபோடவில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. நாடுகள் தம் நலனைப் பார்த்தே நடந்துகொள்கின்றன. தலைவர் நல்லவரா, தந்திரசாலியா என்பதெல்லாம் பத்திரிகைகளுக்குத் தீனி; அதை வைத்து ஓர் அரசு முடிவெடுக்கலாமா? அந்த நாற்காலியில் ஓர் உத்தமரே இருந்திருந்தாலும் சிங்கள அரசியல் அவரை வேறு வழியில் போக விட்டிருக்காது. ஜெயவர்த்தனாவின் குணத்தை அறிந்து ராஜீவ் எதைச் சாதித்திருக்க முடியும்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

தமிழர் பகுதிகளுக்கு மாகாண சபை வழியாக அதிகாரம் தருவதாகச் சொன்ன அந்த ஒப்பந்தத்தில் ஜெயவர்த்தனா ஏன் கையெழுத்திட்டார் என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணம் போதும். யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பகுதியில் புலிகளுக்கு எதிராக இலங்கை ராணுவம் முன்னேறிக்கொண்டிருந்தபோது, 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொட்டலங்களை வீசின. கொழும்பு போட்ட கூச்சலுக்கு மேற்கிலிருந்து யாரும் ஓடிவரவில்லை. எண்பது வயதுக் கிழவருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஜூலை 29 அன்று கையெழுத்திட்டார். இதை விளக்க அவருடைய குணத்தைத் தோண்ட வேண்டியதில்லை.

கையெழுத்துக்குப் பிறகு நடந்ததை என்ன செய்வது? ஓர் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பிரிவையும் முழுதாகவும் நிறைவேற்றலாம், அரைகுறையாகவும் நிறைவேற்றலாம், பெயருக்கு நிறைவேற்றிவிட்டுக் கணக்கும் காட்டலாம். சிங்கள அரசியலின் நெருக்கடி எந்தத் தலைவருக்கும் இருந்திருக்கும். அந்த நெருக்கடிக்குள் ஒருவர் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார் என்பது அவருடைய நெடுநாள் பழக்கத்தைப் பொறுத்தது. நான் குணம் என்று சொன்னது அந்தப் பழக்கத்தைத்தான். நல்லவரா கெட்டவரா என்ற விசாரணையில் எனக்கும் ஆர்வமில்லை.

ஆனால் அரசுகள் பெரும்பாலும் அந்த விசாரணையைத்தான் செய்கின்றன, அதுவும் நேரில் உட்கார்ந்து பேசி. 1938 செப்டம்பரில் ஹிட்லரைச் சந்தித்துத் திரும்பிய பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின், வாக்குக் கொடுத்தால் நம்பக்கூடிய மனிதர் என்று தோன்றியதாகத் தன் சகோதரிக்கு எழுதினார். 2001இல் ஸ்லோவேனியாவில் புட்டினின் கண்களைப் பார்த்து அவருடைய ஆன்மாவை உணர்ந்ததாக ஜார்ஜ் புஷ் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். விருந்தினருக்கு முன்னால் யார்தான் தன் கோர முகத்தைக் காட்டுவார்கள்! (இப்படிக் கண்ணைப் பார்த்து ஆளை அளப்பவர்களை ஒரு கடன் சங்கத்துக்குக்கூட மேலாளராக வைக்க மாட்டார்கள்.)

ஜெயவர்த்தனாவை அளக்க அவரைச் சந்திக்கவே வேண்டியிருக்கவில்லை. எதிர்த்துப் பேச வழியில்லாதவர்களிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பது பத்தாண்டுகளாகக் கொழும்பு நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தது. 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. அடியாட்கள் தேவைப்படவில்லை, நாடாளுமன்றத் தீர்மானம் போதுமாக இருந்தது. இரண்டாண்டு கழித்து வந்த ஜனாதிபதித் தேர்தலில் அவரால் போட்டியிட முடியவில்லை. அதே 1982இல், ஆறில் ஐந்து பங்கு பலம் கொண்ட தன் நாடாளுமன்றத்தைப் பொதுத் தேர்தலுக்கு அனுப்ப மனமில்லாமல், அதன் ஆயுளை ஆறாண்டு நீட்டிக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். தேர்தலைத் தவிர்க்க ஒரு தேர்தல்! அதற்கு முன்பே தன் கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். தேதியை அவர் எப்போது வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம்.

1983இல் நடந்ததை இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு போலீஸ் அதிகாரி அடிப்படை உரிமையை மீறினார் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அரசு தீர்ப்பை மீறவில்லை. பணத்தை அரசே கட்டியது, அதிகாரிக்குப் பதவி உயர்வும் கொடுத்தது. நீதிமன்றம் கேட்டது கிடைத்துவிட்டது; தீர்ப்புக்குத்தான் அர்த்தம் போய்விட்டது.

சட்டத்தை உடைக்கிற முரடர்கள் உண்டு. இவர் அந்த ரகமல்ல. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதன் உள்ளீட்டை உருவி எடுப்பவர். 1978இல் தானே கொண்டுவந்த அரசியல் சட்டத்தைப் பத்தாண்டுகளில் பதினாறு முறை திருத்தினார். மாகாண சபைகளை உருவாக்கிய, தில்லி பெரிதும் நம்பியிருந்த பதின்மூன்றாவது திருத்தம் அந்தப் பதினாறில் ஒன்று.

ஜெயவர்த்தனாவின் பிரதமராக இருந்த பிரேமதாசா இதற்கு நேர் எதிர். ஒப்பந்தம் பிடிக்கவில்லை, கையெழுத்திடும் நிகழ்ச்சிக்கே வரவில்லை. ஜனாதிபதியானதும் 1989 ஜூனில், ஒப்பந்தப்படி வந்திருந்த இந்திய அமைதிப்படையை வெளியேறச் சொன்னார். அவரோடு தில்லிக்குப் பெரும் சண்டை வந்தது, குழப்பம் வரவில்லை. நீங்கள் சொல்லும் உத்தமர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெளிப்படையாக மறுப்பவரும் தலையசைத்துவிட்டு மறப்பவரும் ஒரே நாட்டு நலனைத்தான் பார்த்தார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். இருவரையும் ஒரே மாதிரிக் கையாள முடியுமா? விடுதலைப் புலிகள் ஒப்பந்தத்தை எந்த மனநிலையில் எதிர்கொண்டார்கள் என்பதையும் தில்லி தவறாகக் கணித்தது. ஒப்பந்தம் சிதைந்ததில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

சரி, அறிந்து என்ன சாதித்திருக்க முடியும்? ஒப்பந்தத்தை வேறு மாதிரி எழுதியிருக்கலாம். அதன் வாசகத்தை எடுத்துப் பாருங்கள். சண்டை நிறுத்தத்துக்கு 48 மணி நேரம், அதன்பின் ஆயுதங்களை ஒப்படைக்க 72 மணி நேரம் என்று போராளிகளுக்கு மணிக்கணக்கில் கெடு. அதிகாரப் பகிர்வில் முடிவாகாத விஷயங்களை இரு அரசுகளும் ஆறு வாரத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் என்று ஒரு வாக்கியம். தீராவிட்டால் என்ன என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. கிழக்கு மாகாணம் வடக்கோடு சேர்ந்திருப்பதா என்பதை முடிவுசெய்யும் வாக்கெடுப்பு 1988 டிசம்பர் 31க்குள் நடக்க வேண்டும், ஆனால் ஜனாதிபதி தன் விருப்பப்படி தள்ளிப்போடலாம். தேதியிடாத கடிதங்களைப் பெட்டியில் வைத்திருந்தவரிடம் தேதியைத் திருத்தும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள்.

இந்திய ராணுவம் உடனே போய் இறங்கியது. சட்டத் திருத்தம் நவம்பரில்தான் வந்தது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி, எல்லா விஷயங்களிலும் தேசியக் கொள்கை மத்திய அரசிடம் என்று அதில் இருந்தது. காணியும் போலீஸும் காகிதத்தில் மாகாணத்துக்கு வந்தன, கைக்கு வரவில்லை. ராணுவத்தை அனுப்புவது ஒன்றுதான் இந்தியாவின் கையில் இருந்த கனமான சீட்டு. திருத்தத்தின் வாசகத்தைப் படித்துப் பார்க்கும்வரை அதை இறக்காமல் வைத்திருக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

வடக்கு கிழக்கு இணைப்பையும் பாருங்கள். சட்டப்படி ஆயுத ஒப்படைப்பு முடிந்தால்தான் மாகாணங்களை இணைக்கலாம். முடியவில்லை. ஜெயவர்த்தனா அவசரகால விதியின் கீழ் அந்த நிபந்தனையையே மாற்றி, 1988 செப்டம்பரில் இணைப்பைப் பிரகடனம் செய்தார். தில்லிக்குத் திருப்தி. வழக்குப் போட ஒரு வாசல் அதிலேயே திறந்திருந்தது. 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த வழியாகவே உள்ளே வந்து, நிபந்தனையை அவசரகால விதியால் மாற்றியது செல்லாது, எனவே இணைப்பும் செல்லாது என்று தீர்ப்பளித்தது.