அபார்ட்மெண்ட் சிசிடிவியை எல்லா வீட்டுக்காரங்களும் மொபைல்ல பார்க்கறாங்க, இது சரியா? வேற யாரும் பார்க்க முடியுமா?

நீங்க வாடகைக்கு இருக்கறவங்கன்னு நினைக்கறேன், சொந்த வீட்டுக்காரங்கன்னா இங்க கேட்க மாட்டாங்க, நேரா அசோசியேஷன் மீட்டிங்ல போய் சண்டை போட்டுருவாங்க. நான் கோயமுத்தூர்ல சிசிடிவி போடறவனுங்க. இந்த கேள்விய பார்த்துட்டு சும்மா போக முடியல, கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

கேமரான்னாலே எல்லாரும் "ஹேக் பண்ணிருவாங்களா"ன்னுதான் கேட்கறாங்க. பண்றாங்க, இல்லைங்கல. 2025 பிப்ரவரில குஜராத் ராஜ்கோட்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரியோட கேமரா வீடியோவ எடுத்து டெலிகிராம்ல காசுக்கு வித்தாங்க, பொம்பளைங்களுக்கு ஊசி போடறதெல்லாம் அதுல இருந்துச்சு, நியூஸ்ல பார்த்திருப்பீங்க. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் வந்து உலகம் பூரா கேமராவையும் டிவிஆரையும் (கேமரா வீடியோவ ரெக்கார்ட் பண்ற பாக்ஸ்) புடிச்சுச்சே, அது பெரிய வித்தையெல்லாம் ஒண்ணும் பண்ணல, கம்பெனில இருந்து வரும்போதே இருக்கற பாஸ்வேர்டுங்கள வரிசையா அடிச்சு பார்த்துச்சு, யாரும் மாத்தாம வெச்சிருந்ததால உள்ள போயிருச்சு.

ஆனா நான் இந்த தொழில்ல பார்த்த வரைக்கும் எட்டிப் பார்க்கறவன் முக்காவாசி வெளி ஆளே கிடையாது. நாமளே ஆப்புல சேர்த்துவிட்ட ஆளுதான். சேர்த்துட்டு மறந்துடறோம்.

சரவணம்பட்டி பக்கம் ஒரு அபார்ட்மெண்ட், நான்தான் கேமரா போட்டேன். ஒவ்வொரு மாடி வராண்டாவுலயும் ஒண்ணு. டிவிஆர் பாக்ஸ் மேல என் நம்பர் ஸ்டிக்கர் இருக்கும்ல, அத பார்த்து ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு, ஐடி கம்பெனில வேலை, வாடகைக்கு இருக்கறது. "அண்ணா, நீங்க போட்ட கேமராவால என் மானம் போகுது"ன்னு எடுத்ததுமே ஒரே சத்தம். என்னன்னு கேட்டா, ராத்திரி அது வீட்டுக்கு யாரோ பேக் மாட்டிட்டு வந்தத யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அசோசியேஷன் வாட்ஸப் குரூப்ல போட்டு "இவர் யார்? ஓனருக்கு தெரியுமா?"ன்னு கேட்டிருக்காங்க. வந்தது யாரா இருந்தா இவங்களுக்கு என்னங்க. அதுல இன்னொரு கூத்து, குரூப்ல ஓனருங்க மட்டும்தான், வாடகைக்காரங்கள சேர்க்கவே இல்ல. பக்கத்து வீட்டு அக்கா காட்டித்தான் இதுக்கே தெரிஞ்சிருக்கு.

சரி, சர்வீஸ்னு சொல்லிட்டு போனேன். செகரட்டரி சார் போன வாங்கி ஆப்ப திறந்து ஷேர் லிஸ்ட்ட பார்த்தா, மொத்த வீட்டு எண்ணிக்கைய விட ஆளு ஜாஸ்தி. புருஷன் பொண்டாட்டி தனித்தனியா, காலேஜ் போற பையன், எப்பவோ நின்னுபோன வாட்ச்மேன், அதுக்கு மேல வீட்ட வித்துட்டு மஸ்கட் போன ஒருத்தர். அவருக்கு லைவ் மட்டும் இல்ல, பிளேபேக் (பழைய ரெக்கார்டிங்க பார்க்கறது), ஆடியோ எல்லாம் ஓப்பன். இப்ப வர்ற கேமராவுல மைக் உள்ளயே இருக்குதுங்க, வராண்டாவுல நின்னு போன் பேசினா அதுவும் போகுது. முன்ன பின்ன தெரியாத ஒரு ஆளு எங்கயோ உக்காந்துட்டு இந்த பொண்ணு எத்தன மணிக்கு வருது, கதவ திறந்தா ஹால்ல என்ன இருக்குன்னு பார்க்கலாம். பார்த்தாரான்னு எனக்கு தெரியாது, அவர் நல்ல மனுஷனாவே இருக்கட்டும், பார்க்க வழி இருந்துச்சுல்ல?

"நீதானே போட்ட"ன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். கதவு திறந்தா உள்ள தெரியும்னு போடற அன்னிக்கே சொன்னேன். "செக்யூரிட்டிக்குத்தானே தம்பி, தப்பு பண்ணாதவங்க எதுக்கு பயப்படணும்"னு சொன்னதும் இதே செகரட்டரிதான். அவர் மாடி கேமராவ மட்டும் லிஃப்ட் பக்கம் திருப்ப சொன்னாரு. கேட்டதுக்கு, அவங்க வீட்டம்மா வாசல்ல உக்காந்து பூ கட்டுவாங்களாம், எல்லாரும் பார்த்தா நல்லாருக்காதாம்.

நான் அன்னிக்கு என்ன பண்ணேன்னா, பழைய ஆளுங்கள லிஸ்ட்ல இருந்து எடுத்துவிட்டேன், ஆடியோவ ஆஃப் பண்ணேன், கதவுக்கு நேரா ப்ரைவசி மாஸ்க் போட்டேன். அது செட்டிங்ஸ்லயே இருக்குதுங்க, அந்த இடம் மட்டும் கறுப்பு கட்டமா ஆயிரும், ரெக்கார்டுலயும் வராது, செலவு ஒண்ணும் இல்ல. செகரட்டரிகிட்ட சொல்லிட்டுத்தான் பண்ணேன். அப்ப தலைய ஆட்டினவரு, ரெண்டு மூணு ஓனருங்க "எங்களுக்கு கேமரா வரல"ன்னு கத்தினதும் "வாடகைக்காரங்க பேச்ச கேட்டு வேலை செய்யறியா"ன்னு போன் பண்ணாரு, அடுத்த ஏஎம்சி, அதாவது வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட், வேற ஆளுக்கு போயிருச்சு. பரவால்ல.

சட்டம் கேட்பீங்க. ஒரு பொண்ண அந்தரங்கமான நேரத்துல பார்த்தாலோ படம் எடுத்தாலோ பரப்பினாலோ பிஎன்எஸ் (இப்ப இருக்கற குற்றவியல் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா) 77வது பிரிவு, அதுக்கு முன்ன இருந்த ஐபிசில (இந்திய தண்டனைச் சட்டம்) 354சி. முதல் தடவைக்கே ஒரு வருஷத்துல இருந்து மூணு வருஷம் ஜெயில். ஐடி சட்டத்துல (தகவல் தொழில்நுட்ப சட்டம்) 66ஈ இருக்கு, அது ஆம்பளைக்கும் சேர்த்து. ஆனா வராண்டா பொது இடம்னு எதிர்ல வாதாடுவாங்க, அதனால இதையே நம்பி உக்காராதீங்க, வக்கீல்கிட்ட கேட்டுக்கங்க, நான் வயர் இழுக்கறவன்.

சொல்ல வந்ததுல இதையும் சொல்லிடறேன், ஆன்லைன்ல ஆயிரத்து சில்லறைக்கு வைஃபை கேமரா வாங்கிட்டு "மாட்டி மட்டும் குடு, முந்நூறு ரூபா தரேன்"னு கூப்பிடறீங்களே, ஏணி தூக்கிட்டு மூணு மாடி ஏறி, டிரில் போட்டு, உங்க மறந்துபோன வைஃபை பாஸ்வேர்டுக்காக காத்துட்டு இருந்து எல்லாம் முடிச்சா, அந்த முந்நூறையும் "அப்பறம் ஜிபே பண்றேன்"னு சொல்லி அனுப்பறீங்க. கேமரா ஒரு மாசத்துல ஆஃப்லைன் ஆனா மட்டும் ராத்திரி பத்து மணிக்கு போன் வருது.

சரி, உங்க விஷயம். செகரட்டரிகிட்ட வாயால கேட்காதீங்க, யார் யாருக்கு ஷேர் ஆகியிருக்குன்னு ஸ்க்ரீன்ஷாட் வேணும், எங்க கதவுக்கு மாஸ்க் வேணும்னு மெயிலா போடுங்க, உங்க ஓனரையும் அதுல சேர்த்துருங்க. ஒரே யூசர்நேம் பாஸ்வேர்ட குரூப்ல போட்டு எல்லாரும் அதுலயே பார்க்கறாங்கன்னா லிஸ்டே வராது, யார் பார்த்தாங்கன்னும் பிரிச்சு சொல்ல முடியாது, அப்ப பாஸ்வேர்ட மாத்த சொல்றத தவிர வேற வழி இல்ல. கேமரா போட்ட ஆளு நம்பர் டிவிஆர் பாக்ஸ் மேல இருக்கும், அவருக்கும் ஒரு போன் போடுங்க, திட்டாம பேசினீங்கன்னா கண்டிப்பா வருவாரு.