டாக்டர் பட்டமும் ரசஞ்சோறும் – கடிதம்

அன்புள்ள மேடம்,

நியூஜெர்சியில் 18 வருடமாக இருக்கிறோம். உங்கள் கதைகளை முதலில் படிப்பது என் மனைவி. பிடித்தால் எனக்கு அனுப்புவார். நீங்கள் எழுத்தாளர் மட்டுமல்ல, ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகவும் இருப்பதால் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது.

எங்கள் மகள் உளவியலில் இளங்கலை முடிக்கப்போகிறாள். அடுத்து ஆக்குபேஷனல் தெரபிதான் படிப்பேன் என்கிறாள். இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று முதுகலை, இரண்டேகால் வருடம், வீட்டிலிருந்தே போய்வரலாம். இன்னொன்று ஓ.டி.டி. என்கிற டாக்டரேட், முழுதாக மூன்று வருடம், வேறு மாநிலம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 70,000 டாலர் கூடுதலாக ஆகும்.

எனக்கு டாக்டரேட்தான் சரி என்று படுகிறது. இனிமேல் அது இல்லாமல் இந்த வேலைக்கே போகமுடியாது என்று ஒரு நண்பர் சொன்னார். மறைக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று வருமல்லவா? ஊரில் என் அம்மா, "ஓ.டி.ன்னா ஆபரேஷன் தியேட்டர்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மகள் இன்னும் முடிவு சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்குள் முன்பணம் கட்டவேண்டும்.

அன்புடன்,
சே.

அன்புள்ள சே.,

உங்கள் அம்மா கேட்டதைத்தான் என் அம்மாவும் கேட்டார். தொண்ணூறுகளில் நான் தமிழ்நாட்டில் பி.ஓ.டி. என்ற இளங்கலைப் படிப்பில் சேர்ந்தபோது எங்கள் தெருவில் பாதிப்பேர் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்தார்கள், மீதிப்பேர் ஓவர்டைம் என்று. "படிக்கும்போதே ஓவர்டைமா?" என்று ஒரு மாமா நிஜமாகவே கேட்டார். தமிழில் இதற்கு இன்னும் ஒரு பெயர் ஒட்டவில்லை. தொழில்வழி சிகிச்சை என்று ஒரு பலகை, செயல்முறை மருத்துவம் என்று இன்னொரு பலகை. 'தொழில்' என்றதும் ஏதோ வேலைவாய்ப்புப் பயிற்சி என்று ஆகிவிடுகிறது. இங்கே ஆக்குபேஷன் என்றால் ஒருவருடைய பொழுதை நிறைக்கிற எல்லாமும்தான். பல் துலக்குவது, புடவைக் கொசுவம் வைப்பது, பேத்திக்குத் தலை பின்னுவது, வீட்டுக் கணக்கு எழுதுவது. நோயோ விபத்தோ வந்து இவையெல்லாம் கைவிட்டுப் போகும்போது திரும்பப் பிடிக்கவைப்பதுதான் எங்கள் வேலை.

இதைத் தொடங்கிய கூட்டத்திலேயே டாக்டர்கள் சிறுபான்மை. 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் சிலர் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். கூட்டியவர் ஜார்ஜ் பார்ட்டன், கட்டடக் கலைஞர். காசநோயும் இடப்பக்கச் செயலிழப்பும் படுத்தி எடுத்தபின் தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தேறியவர். வந்தவர்களில் வில்லியம் டண்டன் மனநல மருத்துவர், எலினார் கிளார்க் ஸ்லேகிள் சமூகப்பணியிலிருந்து வந்தவர், சூசன் ஜான்சன் கைவினை ஆசிரியை. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்த கமலா நிம்ப்கரும் பிறப்பால் அமெரிக்கர். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பள்ளியைத் தொடங்கினார். அங்கிருந்து கிளைத்த ஒன்றில் படித்துவிட்டு நான் இங்கே வந்து நிற்கிறேன். சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நண்பர் சொன்னது முழுப்பொய் இல்லை, பழைய செய்தி. 2007 வரைக்கும் அமெரிக்காவில் இளங்கலையோடு இந்தத் தொழிலுக்குள் வரலாம். அப்புறம் முதுகலை கட்டாயமானது. 2017 ஆகஸ்டில், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் குழு, 2027 ஜூலை முதல் டாக்டரேட் மட்டுமே என்று அறிவித்தது. பெரிய ரகளை. சின்னக் கல்லூரிகள் என்ன செய்யும், மாணவர்கள் கடனை எப்படி அடைப்பார்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் எதிர்ப்பு. அறிவிப்பை நிறுத்திவைத்து, 2019இல் முதுகலை, டாக்டரேட் இரண்டு வழியும் இருக்கட்டும் என்று முடித்தார்கள். பிசியோதெரபி மட்டும் முழுக்க டாக்டரேட்டுக்கு மாறிவிட்டது. உங்கள் நண்பர் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கலாம்.

இரண்டு வழியில் எதில் போனாலும் 24 வாரம் முழுநேரக் களப்பயிற்சி உண்டு. பிறகு எழுதுவது ஒரே தேசியத் தேர்வு, வாங்கவேண்டியது 450 மதிப்பெண், மாநிலம் கொடுப்பது ஒரே உரிமம். எங்கள் பிரிவில் பழைய இளங்கலைக்காரியான நான் இருக்கிறேன், முதுகலை முடித்தவர்கள் நான்கு பேர், ஓ.டி.டி. இரண்டு பேர். காலையில் நோயாளிப் பட்டியலைப் பிரிக்கும்போது யார் என்ன படித்தார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சம்பளத்திலும் நான் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை. நாடு முழுவதும் எடுத்த கணக்கில் 2024இல் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் நடுமதிப்புச் சம்பளம் (பாதிப்பேருக்கு இதற்கு மேல், பாதிப்பேருக்குக் கீழே) ஏறத்தாழ 98,000 டாலர். கடனுக்கு எதிரே வைத்துப் பார்க்கவேண்டிய எண் அது.

அப்படியானால் அந்தக் கூடுதல் வருடம் எதற்கு? இதைச் சொல்ல ஒரு பாட்டியைக் கூப்பிடவேண்டியிருக்கிறது.

ஆறேழு வருடம் இருக்கும். கும்பகோணம் பக்கத்து அம்மா, எழுபதைத் தாண்டியவர், இங்கே மகனோடு இருந்தார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு தப்பித்தது. எங்கள் மறுவாழ்வுப் பிரிவுக்கு வந்தபோது விரல்களை மடக்க முடிந்தது, விரிக்க முடியவில்லை. தமிழ்க்காரி என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். நான் புத்தகத்தில் இருக்கிறபடி எல்லாம் செய்தேன். ஸ்பூன் காம்பில் ஸ்பாஞ்சுக் குழாய் மாட்டித் தடிமனாக்கினேன், தட்டு நகராமல் அடியில் ரப்பர் விரிப்பு போட்டேன், சோறு வெளியே தள்ளிப்போகாமல் தட்டின் ஓரத்தில் தடுப்பு வைத்தேன். இரண்டு வாய்க்கு மேல் அவர் சாப்பிடவில்லை. இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தபோது வாயையே இறுக்கி மூடிக்கொண்டார். 'பசியின்மை' என்று நர்ஸ்கள் குறிப்பு எழுதினார்கள். நான்காம் நாள் மருமகள் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அத்தைக்கு ஸ்பூனே பழக்கமில்லீங்க. பீச்சாங்கையால வாய்க்குக் கொண்டுபோறதுன்னா செத்தாலும் மாட்டாங்க."

வீட்டில் தினமும் கையால் பிசைந்து சாப்பிடுகிறவள் நான். மருத்துவமனைக்குள் நுழையும்போது என் கையை வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி என் கை எப்படிச் சாப்பிடுகிறது என்று முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். நான்கு விரலும் சேர்ந்து ஒரு சின்னக் கரண்டிக்குழி ஆகின்றன. மணிக்கட்டு அசையாமல் நிற்கிறது. முன்கை உருண்டு உள்ளங்கை மேலே திரும்புகிறது. வாய்க்கு அருகில் வந்ததும் கட்டைவிரல் பின்னாலிருந்து தள்ளுகிறது. அந்தத் தள்ளல் இல்லையென்றால் சோறு விரலிலேயே நிற்கும். பக்கவாதத்துக்குப் பின் லேசில் திரும்பி வராதவை, முன்கை உருளுவதும் கட்டைவிரல் பிரிந்து நிற்பதும்தான்.

மறுநாள் மருமகள் தயிர்சாதம் கொண்டுவந்தார். முதலில் கெட்டி உருண்டை, குழந்தைக்குப் பிடிப்பதுபோல. பிடித்து உயர்த்தினால் போதும், கட்டைவிரலுக்கு வேலை குறைவு. பிறகு சாம்பார் சாதம். கடைசியில்தான் ரசஞ்சோறு. ரசஞ்சோறு எங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் கடைசிப் பருவத்தில்தான் வைப்பார்கள். முதல் தடவை முழங்கை வரை வழிந்தது. அந்த அம்மா வழிசலைப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பந்தின்னா எல்லாரும் பார்த்துச் சிரிச்சிருப்பா" என்றார். வந்த நாளிலிருந்து அவர் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

படிவம் நிரப்பும்போதுதான் சிக்கல். அமெரிக்க மறுவாழ்வுப் படிவத்தில் உண்ணுதல் என்ற வரிக்கு விளக்கமே, ஏற்ற கருவிகளைக் கொண்டு உணவை வாய்க்குக் கொண்டுபோகும் திறன் என்றுதான் ஆரம்பிக்கிறது. கையால் சாப்பிடுபவருக்கு எந்த எண் போடுவது என்று எனக்கும் சக ஊழியருக்கும் அரைமணி நேரம் வாக்குவாதம். கையைவிட ஏற்ற கருவி எது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நான் சொன்ன எண்ணையே போட்டார்.

நான் அத்தோடு விட்டுவிட்டேன். அடுத்த நோயாளி, அடுத்த படிவம். வேலையில் இருக்கிறவர்களுக்கு அதற்கு மேல் நேரம் இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஓ.டி.டி. மாணவி எங்கள் பிரிவுக்கு வந்தாள். டாக்டரேட்டுக்கென்று தனியாக இருக்கும் முக்கியமான பகுதி கேப்ஸ்டோன். 14 வாரம், 560 மணி நேரம், வகுப்பும் களப்பயிற்சியும் முடிந்த பிறகு வருவது. நோயாளிகளைக் கையாளக் கற்றுக்கொள்வது அதற்கு முன்பே முடிந்துவிடும். இங்கே மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒரு வழிகாட்டியோடு, ஓர் இடத்தில் ஆழமாக வேலை பார்க்கவேண்டும். இந்தப் பெண்ணிடம் ரசஞ்சோற்றுக் கதையைச் சொன்னேன். பிடித்துக்கொண்டாள். எங்களிடம் வந்த எத்தியோப்பியர், வங்கதேசத்தவர், நம்மவர் என்று கையால் சாப்பிடும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசினாள். எந்தக் கை அசைவுக்கு எந்த உணவு என்று படத்தோடு அட்டைகள் செய்தாள். ஊழியர்கள் எல்லோரையும் ஒரு மதியம் கையால் சாப்பிடவைத்தாள். எங்கள் மேலாளர் கட்டைவிரலை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. புதிய நோயாளியிடம் கேட்கும் கேள்விகளில் "வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள்?" என்ற ஒன்று சேர்ந்தது. இன்றுவரை கேட்கிறோம்.

அதற்கடுத்த வருடம் இன்னொரு மாணவர் வந்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் கேள்வி எதுவும் இல்லாமல் வந்தார், கல்லூரி சொன்னதால் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டார். 14 வாரமும் கையேடு வடிவமைத்தார். அது இப்போது எங்கள் அலமாரியின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது.

உங்கள் 70,000 டாலர் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்கிறது. மகளுக்கு ஏற்கெனவே மனதில் உறுத்துகிற ஒன்று இருந்தால், அல்லது கற்பிக்கவோ புதிதாக ஒரு சேவையைத் தொடங்கவோ ஆசை இருந்தால், டாக்டரேட் வீண்போகாது. இல்லையென்றால் முதுகலை முடித்து, நான்கைந்து வருடம் நோயாளிகளோடு இருந்துவிட்டு, கேள்வி வந்தபின் போகலாம். வேலை பார்க்கிறவர்களுக்கென்றே ஓ.டி.டி. உண்டு, பல இடங்களில் இணையவழியில் முடிக்கலாம். ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் அதற்குப் பிஎச்.டி. வேறு. நானாக இருந்தால் வீட்டிலிருந்து போகும் முதுகலையைத்தான் எடுப்பேன். ஆனால் படிக்கப்போவது நானில்லை.

பணத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. களப்பயிற்சிக்கும் கேப்ஸ்டோனுக்கும் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, அந்த வாரங்களுக்கும் கட்டணம் கட்டவேண்டும், இடம் வேறு ஊரில் விழுந்தால் வாடகையும் பெட்ரோலும் தனி. உங்கள் கணக்கில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, கடன். 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு, மேற்படிப்புக்கென்று இருந்த கிராட் பிளஸ் என்ற அரசுக்கடன் கிடையாது. சாதாரண மேற்படிப்புக்கு அரசுக்கடன் வருடம் 20,500, மொத்தம் 1,00,000 டாலர். 'தொழில்முறைப் படிப்பு' என்று வகைப்படுத்தினால் வருடம் 50,000, மொத்தம் 2,00,000. கல்வித் துறை 2025 இறுதியில் கொண்டுவந்த வரைவில் அந்த இரண்டாவது பட்டியலில் எங்கள் துறை இல்லை. டாக்டரேட் என்று பெயர் இருப்பதால் கூடுதல் கடன் கிடைத்துவிடும் என்று நம்பி முன்பணம் கட்டாதீர்கள். இரண்டு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் அந்த 'டாக்டர்'. பட்டம் உண்மையான டாக்டர் பட்டம்தான், கல்யாணப் பத்திரிகையில் தாராளமாகப் போடலாம். வார்டில் கதை வேறு. எங்கள் ஓ.டி.டி. சகாக்கள் இருவரும் நோயாளியிடம் முதல் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்வார்கள். பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து எழுப்புகிறவரை டாக்டர் என்று கூப்பிட்டால், மாத்திரையை எப்போது நிறுத்துவீர்கள் என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஓ.டி. எனக்கு ஏன் வேண்டும் என்று மகள் சொன்ன ஒரு வரி அதில் இல்லை. விண்ணப்பத்துக்காக அவள் எங்காவது தெரபிஸ்டோடு பார்வையாளராக நின்றிருப்பாள், பெரும்பாலான கல்லூரிகள் அதைக் கேட்கும். அங்கே யாரைப் பார்த்தாள், என்ன செய்தார்கள் என்று இன்றைக்குச் சாப்பிடும்போது கேளுங்கள். நடுவில் கட்டணப் பேச்சை எடுக்காதீர்கள். அவளுக்குச் சந்தேகம் இருந்தால் நேரடியாக எனக்கு எழுதட்டும், ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி.

உங்கள் அம்மாவிடம் ஆபரேஷன் தியேட்டர் இல்லை என்பதை மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள். மீதியை மகளே போனில் விளக்கட்டும்.

அன்புடன்.